மறந்தவங்க சுவர்

இல்ல தம்பி, நான் போட்டோ எடுக்க வரல. செங்கல் பொறுக்கவும் வரல. யாரோ ஒருத்தர் வந்து ஞாபகார்த்தமா ஜன்னல் கம்பியைக் கழட்டிக் குடுன்னு நின்னாருன்னு சொன்னீங்களே, அந்தக் கூட்டத்துல என்னைச் சேர்த்துடாதீங்க. உள்ள மேடைக்குப் பின்னால ஒரு சுவர் இருக்கு. அதுகிட்ட எனக்கு ஒரு சின்ன வேலை. முடிஞ்சதும் நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன். இடிக்காதீங்கன்னு கையைக் காலைப் பிடிக்க வரல, பயப்படாதீங்க. அதெல்லாம் பிடிச்சுப் பார்த்து ஓஞ்சாச்சு.

இன்ஜினியர் போனை எடுக்கலையா? சரி, திருப்பிக் கூப்பிடட்டும். எனக்கு என்ன அவசரம், உலையா கொதிக்குது? இந்தக் கவுத்துப் போட்ட தொட்டி மேல உக்காந்துக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க.

ஹெல்மெட்டா, கேட்டுக்கு உள்ள வந்தாலே போடணுமா? குடுங்க, போட்டுக்கறேன். ராணி வேஷத்துல கிரீடமே வச்ச தலை இது. அட்டைக் கிரீடம்தான், ஆனா இதை விடக் கனம்.

அந்த வண்டியா? நம்ம வண்டிதான், வாடகைக்கு எடுத்தது. வழியில நிக்குதா, லாரி வந்தா டிரைவரை நகர்த்தச் சொல்றேன். பின்னால உக்காந்திருக்கறது எங்க வீட்டுக்காரர். இல்லல்ல, அவரை இறங்கச் சொல்ல வேண்டாம். முதல்ல நீங்க உள்ள விடுவீங்களான்னு தெரியட்டும்.

என்னது, சுவருக்குள்ள இருந்து மரத்தூளும் தக்கையுமா கொட்டுதா? கொட்டாம என்ன செய்யும், குளிர் வெளிய போகாம இருக்க அடைச்சு வச்சது. இது ஐஸ் கம்பெனி தம்பி. உங்ககிட்ட யாரும் சொல்லலையா? இடிக்கறவங்களுக்காவது எதை இடிக்கறோம்னு சொல்ல வேண்டாமா? போர்டுல மாணவர் மன்றம்னு போட்டிருக்கும். ஆனா ஊர்ல ஒருத்தர் கூட அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஐஸ் கம்பெனியில இன்னிக்கு என்ன, ஐஸ் கம்பெனிக்குப் போறியா, இப்படித்தான். நான் காலேஜ்ல சேர்ந்தப்ப அதுல ஐஸ் கட்டி பார்த்தவங்க யாருமே இல்ல, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

எங்களுக்கு முன்னால படிச்சவங்க காலத்துல காலேஜுக்குள்ள ஒண்ணும் பண்ண முடியாது. கூட்டம் போடக் கூடாது, நாடகம் போடக் கூடாது, பசங்க உக்காந்த பெஞ்சுல பொண்ணுங்க உக்காரக் கூடாது. அப்ப இருந்த பிரின்சிபால் அப்படி ஒரு சிடுமூஞ்சியாம். டீக்கடையில கூடிப் பேசினா கடைக்காரர் தண்ணியை ஊத்தி விரட்டுவாராம். ஒரு டீயை வச்சுக்கிட்டு உலகத்தையே திருத்துறானுங்கன்னு. அந்த நேரத்துல வசதியான வீடுகளுக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் வந்துச்சு, ஐஸ்காரர் தொழில் படுத்துருச்சு. அவரு பொண்ணு இவங்க கூடப் படிச்சவங்க. அவங்க அப்பாவைப் போட்டு நச்சரிச்சிருக்காங்க, சும்மாதானே கிடக்கு, எங்களுக்குக் குடுங்கன்னு. மனுஷன் ஒரு நாள் சாவியைத் தூக்கி மேஜை மேல போட்டுட்டு, எடுத்துத் தொலைங்கன்னாராம்.

அங்கதான் நாங்க கோட்டை விட்டோம். எழுதிக் குடுத்தது காலேஜ் பேருல. பசங்க இருக்கற வரைக்கும் பசங்களுக்குன்னு சொன்னது வாயால. வாயால சொன்னதுக்கு இந்தக் காலத்துல என்ன மரியாதை? காலேஜ் வித்துச்சு, வாங்கினவங்க கார் நிறுத்தப் போறாங்க. நாங்க வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கறோம்.

இல்ல, இருங்க, நான் சொல்லி முடிச்சுடறேன். நடுவுல விட்டா எனக்கு எங்க விட்டேன்னு மறந்துரும். அதுக்குப் பேர் போனவ நான்.

இந்தக் கட்டடத்துல ஒரு ஜன்னல் கிடையாது, முன்பக்கம் ஆபீஸ் ரூமைத் தவிர. கவனிச்சீங்களா? சுவர் ஒவ்வொண்ணும் ஒரு ஆள் படுக்கற அகலம். வெயில் காலத்துல வெளிய மண்டை காயும், உள்ள வந்தா அப்படியே சில்லுனு இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, எங்க நாடகத்துக்குக் கூட்டம் வந்ததே அதுக்குத்தான். மார்க்கெட் ஆளுங்க மூட்டையை இறக்கிட்டு நேரா வந்துருவாங்க, கோர்ட்டு குமாஸ்தாங்க வருவாங்க, சண்டை போட்டுட்டு வீட்ல இருந்து கிளம்புனவங்க வருவாங்க. தூங்கலாம்னு வந்து நாடகத்தைப் பார்த்துட்டுப் போவாங்க. நாடகம் பார்க்க வந்து தூங்கிட்டுப் போனவங்களும் உண்டு. நாங்க யாரையும் கோவிச்சுக்கறது இல்ல.

நாடகம் மட்டும் இல்ல. ஊர்ல இது மூக்கை நுழைக்காத விஷயமே கிடையாது. மில்லுல வேலை நிறுத்தம்னா மில்லுக்காரங்க இங்கதான் கூடுவாங்க, பசங்க அவங்களுக்கு நோட்டீஸ் எழுதிக் குடுப்பாங்க. வெள்ளம் வந்தப்ப ஆத்தோரத்து வீட்டு ஜனங்க எல்லாம் மேடை மேல குடித்தனம் நடத்துனாங்க, ஒரு குழந்தை அந்த மேடையிலயே பிறந்துச்சு. வெளிநாட்டுப் படம் போடுவாங்க, போர்வையைக் கட்டி. ஒருத்தன் பக்கத்துல நின்னு என்ன பேசுறாங்கன்னு சொல்லிக்கிட்டே வருவான். அவனுக்கு அந்த பாஷை அரைகுறைதான், பாதிக் கதை அவன் சொந்தச் சரக்கு. அப்புறம் பட்டிமன்றம். நான் வந்த புதுசுல, கடவுள் உண்டா இல்லையான்னு ஆரம்பிச்சாங்க, முடிக்கவே முடியாம மறுநாளும் நடந்துச்சு. கடைசியில தீர்ப்பு சொல்ல வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.

பொம்பளைங்க மேடை ஏறினதும் இந்த ஊர்ல இங்கதான் முதல்ல. அதுக்கு முன்னால மீசையை எடுத்துட்டுப் பசங்களே பொம்பளை வேஷம் கட்டுனாங்க. ஐஸ்காரர் பொண்ணு ஏறினப்ப சாயங்காலம் கல்லு விழுந்துச்சாம். எங்க காலத்துல கல்லு விழல, எங்கம்மா கையால அறைதான் விழுந்துச்சு. நான் மருந்தாளர் படிப்பு படிக்க வந்தவ. காலேஜ்ல எல்லாக் கெமிக்கல் பேரும் தலைகீழாச் சொல்வேன், மேடையில ஏறினா வசனம் துடைச்சு வச்ச மாதிரி போயிரும். அப்புறம் ஏன் நடிச்சேன்னு கேக்காதீங்க. குரல் கணீர்னு இருக்கும், அதான் விட மாட்டாங்க.

இந்தக் கட்டடத்துல அதான் பெரிய கஷ்டமே. தக்கை வச்ச சுவர், குரலை அப்படியே முழுங்கிரும். மேடையில நின்னு கத்தினாத்தான் பின்வரிசைக்குக் கேக்கும். அப்ப வசனம் எடுத்துக் குடுக்கறவர் எங்க நிப்பாரு? திரைக்குப் பக்கத்துல நின்னு சொன்னா நமக்குக் கேக்காது, உரக்கச் சொன்னா ஜனங்களுக்குக் கேட்டுரும். மேடைக்குப் பின் சுவர்ல ஒரு பொந்து இருந்துச்சு. அந்தக் காலத்துல ஐஸ் கட்டி அது வழியா வழுக்கி வெளிய வருமாம். அதுக்குள்ள ஒரு ஆள் குனிஞ்சு உக்காந்து வசனம் சொன்னா மேடை முழுக்கக் கேக்கும், மேடையைத் தாண்டாது. யாரு கண்டுபிடிச்சாங்களோ, அவங்களுக்குக் கோடிப் புண்ணியம். சிம்மாசனம், மரம், ஜெயில் கதவு, எதுவா இருந்தாலும் அந்தப் பொந்தை மறைச்சாப்பல நிறுத்தி வைப்போம்.

அந்தப் பொந்துல உக்காந்தவருதான் எங்க வீட்டுக்காரர்.

அப்ப அவருக்குப் பேரு கிசுகிசு. எப்பவும் அந்தக் குரல்தான், டீ வேணும்னாலும் கிசுகிசுன்னுதான் கேப்பாரு. புத்தகத்தைக் கையில வச்சிருப்பாரு, பிரிக்க மாட்டாரு. எல்லா நாடகமும், எல்லாப் பாத்திரமும் மனப்பாடம். ஒருத்தன் வாயைத் திறக்கறதுக்கு முன்னால மூச்சு எடுக்கற விதத்துலயே, இவன் மறக்கப் போறான்னு தெரிஞ்சுக்குவாரு. நமக்கு மறந்துச்சுன்னு நமக்குத் தெரியறதுக்குள்ள வசனம் காதுல வந்து நிக்கும். அப்படி ஒரு ஆளு.

அந்தப் பொந்து இருக்கற சுவருக்கு மறுபக்கம்தான் மேக்கப் ரூம். நான் கேக்கற சுவர் அதான். எங்க மன்றத்துல ஒரு சட்டம், யாரு போட்டாங்கன்னு தெரியாது, ஆனா யாரும் மீறினதில்ல. மேடையில வசனம் மறந்தா, மறந்தவங்க அந்த வசனத்தை அந்தச் சுவர்ல எழுதணும். கீழ பேரு போடணும். வேஷத்தைக் கலைக்கறதுக்கு முன்னால, புருவத்துக்குத் தீட்டற மையாலயே. எடுத்துக் குடுத்து சமாளிச்சாலும் சரி, ஜனங்களுக்குத் தெரியாமப் போனாலும் சரி, எழுதித்தான் ஆகணும். கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்த பிரின்சிபால், வேற பிரின்சிபால், நல்ல மனுஷன், தலைமையுரையில எடுத்த எடுப்புலயே முழிச்சாரு. நன்றி சொல்லிட்டு நழுவப் பார்த்தாரு. விடலையே. மை தீட்டற குச்சியைக் கையில குடுத்து, அன்பார்ந்த மாணவர்களேன்னு எழுத வச்சுத்தான் அனுப்புனோம்.

வெள்ளையடிக்கறவங்க வந்தாலும் அந்தச் சுவரைத் தொட மாட்டாங்க. ஒரு தடவை புதுசா வந்த ஆளு தெரியாம ஒரு மூலையில அடிச்சுட்டாரு. என்ன பண்ணாங்க தெரியுமா? அந்த மூலையில எழுதுனவங்க எல்லாருக்கும் தகவல் அனுப்பினாங்க. வேலைக்குப் போயி, கல்யாணமாகி, தொப்பை விழுந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு ஊர்ல இருந்து கிளம்பி வந்து, வரிசையில நின்னு, தாங்க மறந்த வசனத்தைத் திரும்ப எழுதிட்டுப் போனாங்க. ஒருத்தருக்கு என்ன வசனம்னு மறந்துருச்சு. கிசுகிசுதான் சொல்லிக் குடுத்தாரு.

சிரிக்காதீங்க, நிஜம்.

அந்தச் சுவர்ல அதிகமா இருக்கற பேரு என்னோடது. ஒரு பக்கமே எனக்குன்னு சொல்லலாம். அதுல ஒண்ணு ரொம்பப் பிரசித்தம். கேக்கறீங்களா? போன் வரலையே இன்னும்.

ராணி நாடகம். நான்தான் ராணி. சதி பண்ணவனைச் சங்கிலி போட்டு இழுத்துட்டு வருவாங்க, அவன் என் காலடியில மண்டி போடுவான். நான் எழுந்து நின்னு, இவனைக் கழுவில் ஏற்றுங்கள்னு சொல்லணும். அவ்வளவுதான் வசனம், பச்சைக்குழந்தைக்கும் வரும். எனக்கு வரல. மூளை வெள்ளைத்தாள். நின்னேன். வழக்கம்போல பின்னால இருந்து குரல் வந்துச்சு. அதுக்குள்ள எனக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு தம்பி, அவரு என்ன சொன்னாலும் யோசிக்காம அப்படியே வாய் சொல்லிரும். அர்த்தம் எல்லாம் அப்புறம்தான். நான் கையை நீட்டி, அந்தக் கைதியைப் பார்த்து, சபையே அதிர்ற மாதிரி சொல்றேன்: என்னைக் கட்டிக்கறியா?

ஆமா! அந்தப் பொந்துக்குள்ள இருந்துக்கிட்டு எங்கிட்டக் கேட்டிருக்காரு மனுஷன்! மாசக்கணக்கா எப்படிக் கேக்கறதுன்னு தவிச்சிருக்காரு. வெளிய வந்தா நேருக்கு நேர் பேச வாய் வராது, அங்க உக்காந்தாத்தான் தைரியம் வருமாம். அந்த இடத்துல நான் சும்மா நிக்கறதைப் பார்த்ததும் அவருக்கு வசனம் வாயில வரல, மனசுல இருந்தது வந்துருச்சு. இல்ல, மறக்கலன்னு எப்பக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவாரு. வேணும்னேதான் கேட்டேம்பாரு.

கைதியா நடிச்சவனை நாங்க ஒட்டடைன்னு கூப்பிடுவோம், அவ்வளவு உசரம், அவ்வளவு ஒல்லி. அவன் சும்மா விடுவானா, மண்டி போட்டவாக்குல நிமிர்ந்து பார்த்து, மகாராணி, அதுக்குக் கழுவே பரவாயில்லைன்னான். மார்க்கெட் ஆளுங்க பெஞ்சு மேல ஏறி நின்னு விசில் அடிக்கறாங்க. தூங்கினவங்க எல்லாம் முழிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த நாடகத்தை எப்படி முடிச்சோம்னு எனக்கு ஞாபகமே இல்ல.

அன்னிக்கு மேக்கப் ரூம்ல பெரிய பஞ்சாயத்து. சுவர்ல யாரு எழுதறது? நான் சொன்னேன், தப்பு அவரு மேல, அவருதான் எழுதணும்னு. செயலாளரா இருந்தவங்க சட்டப்படி பேசறவங்க. மறந்தது யாரு? நீ. எடுத்துக் குடுக்கறவர் மறந்தாரா? இல்லங்கறாரு. சட்டத்துல மறந்தவங்கதான் எழுதணும்னு இருக்கு, தப்பாச் சொன்னவங்க எழுதணும்னு இல்லன்னுட்டாங்க. எல்லாப் பயலும் கையைத் தூக்கி அதுக்கு ஓட்டுப் போட்டானுங்க. நான் அழுதுக்கிட்டே எழுதினேன். இவனைக் கழுவில் ஏற்றுங்கள்னு. அவரு பக்கத்துல நின்னு, கழுவுக்கு எந்த லன்னு தெரியும்லன்னு கிசுகிசுத்தாரு. அந்த நிமிஷம் அவரை மையாலயே குத்தியிருப்பேன்.

அப்புறம் என்ன, கட்டிக்கிட்டேன். எங்கம்மா பேசாம இருந்தாங்க ரெண்டு வருஷம். சாட்சிக் கையெழுத்து ஒட்டடைதான் போட்டான்.

அவருக்கு வேலை கிடைச்சது எங்கன்னு நினைக்கறீங்க? ஸ்டேஷன்ல. எந்த வண்டி எந்த நடைமேடைன்னு மைக்குல சொல்ற வேலை. கிசுகிசுக்கு ஊரே கேக்கற மாதிரி குரல், கொடுமையைப் பாருங்க. நான் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற கவுண்டர். ஆனா சாயங்காலமானா அவரு இங்க வந்துருவாரு. பசங்க மூணு வருஷம் படிச்சுட்டுப் போயிருவாங்க, புதுப் பசங்க வருவாங்க. பொந்துல உக்காந்தவர் மட்டும் மாறல. கிசுகிசு போயி அண்ணன் ஆனாரு, அண்ணன் போயி சார் ஆனாரு. யாரு எந்த வருஷம் எந்த வேஷம், யாரு எந்த இடத்துல திணறினாங்க, எல்லாம் அவர் தலையில இருக்கும். எனக்குக் கோவமா வரும். வீட்ல பால் வாங்கிட்டு வரச் சொன்னா மறக்காம வாங்கிட்டு வருவாரு, அதுலயும் எனக்குக் கோவம். ஒரு நாள் மறக்க மாட்டாரான்னு இருக்கும். சண்டை வந்தா ஒரே வார்த்தைதான், சுவர்ல போயிப் பாரு, யாரு பேரு இருக்குன்னு. என் பேரு ஒரு இடத்துலயாவது இருக்கான்னு. நான் அடுப்படிக்குப் போயிப் பாத்திரத்தை உருட்டுவேன். அவர் பேரு அங்க இல்ல.

அப்புறம் அப்படியே தேய்ஞ்சுது தம்பி. ஒரே நாள்ல இல்ல. காலேஜுக்குள்ளயே பெருசா ஏசி அரங்கம் கட்டினாங்க. மைக்கு சட்டையிலயே குத்திக்கறாங்க, பின்வரிசைக்குக் கத்த வேண்டாம். பசங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்களுக்குப் படிக்கறதுக்கே நேரம் பத்தல, வேலைக்கு அலையவே நேரம் பத்தல. முதல்ல நாடகம் நின்னுச்சு, அப்புறம் பட்டிமன்றம். கடைசியில கேரம் போர்டு ஒண்ணு இருந்துச்சு. கேரம் போர்டையும் யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் சாயங்காலம் வந்து கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. யாராவது வருவாங்கன்னு. ஓடு உடைஞ்சு மேடை மேல மழை கொட்டுச்சு. அப்பவும் உக்காந்திருந்தாரு.

விக்கறாங்கன்னு தெரிஞ்சதும் பழைய மாணவர்கள் எல்லாம் போன்ல ஒரு குரூப் ஆரம்பிச்சோம். அடேயப்பா, என்ன ஆவேசம்! உயிரைக் குடுத்தாவது காப்பாத்துவோம்னு எழுதுறாங்க. அழுற மூஞ்சி போடுறாங்க, கை கூப்பற படம் போடுறாங்க. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கூடுவோம்னு நாள் குறிச்சாச்சு. நான் போயி நின்னேன். ஒட்டடை கைத்தடியோட வந்தான். இன்னும் யாரோ ரெண்டு பேர் வந்தாங்க, வெயில் ஏறினதும் கிளம்பிட்டாங்க. ஒட்டடை என்னைப் பார்த்து, மகாராணி, வா டீ சாப்பிடலாம்னான். குடிச்சோம், வந்துட்டோம். அதோட முடிஞ்சுது. இனிமே ஒண்ணும் ஆகாது, எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது அந்தச் சுவர் மட்டும்தான். அதுவும் சும்மா ஒரு பத்து நிமிஷத்துக்கு.

என்ன தம்பி? அப்பலேருந்து நீங்க ஏதோ சொல்ல வர்றீங்க, நான்தான் விடாமப் பேசிட்டே இருக்கேன். சொல்லுங்க.

எது?

பொந்து இருந்துச்சே, அந்தச் சுவரா? இடிச்சாச்சா?

முன்னால எல்லாம் அப்படியே நிக்குதே. நான் தெருவுல இருந்து பார்த்துட்டு, நல்ல வேளை, இன்னும் தொடலன்னு நினைச்சேனே. பின்பக்கத்துல இருந்துதான் ஆரம்பிப்பீங்களா? அப்ப அந்தத் தக்கை, மரத்தூள் எல்லாம்... ஆமா, நீங்க முதல்லயே சொன்னீங்க. பக்கத்து ரூம் சுவர்னு நினைச்சுக்கிட்டேன்.

எங்க கொட்டினாங்க? பள்ளம் ரொப்பறதுக்கா. சரி. சரி தம்பி.

இல்ல, தண்ணி வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன். நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க வேலை அது. இன்னும் ரெண்டு நாள் முன்னால வந்திருக்கலாம். அன்னிக்கே கிளம்பினேன், அவரு அன்னிக்குச் சட்டை போட்டுக்க ஒத்துக்கல.

என்ன வேலைன்னா... இனிமே சொல்றதுக்கு என்ன. எங்க வீட்டுக்காரர் எழுதணும் தம்பி. அவரு பேரும் அங்க வரணும். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே, மறந்தா எழுதணும். முதல்ல வீட்டுக்கு வர்ற வழி போச்சு. அப்புறம் நாடகம் ஒவ்வொண்ணாப் போச்சு, நடுவுல நடுவுல வசனம் மட்டும் மிதந்துச்சு, அதுவும் போச்சு. ஒட்டடை வந்தா எழுந்து நின்னு வணக்கம் சொல்றாரு. ஆயுசு பூரா மருந்தை எடுத்து எடுத்துக் குடுத்தவ நான். எதுக்கு மருந்து இருக்கு, எதுக்கு இல்லன்னு எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டாம். டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டைப் பார்த்ததுமே புரிஞ்சு போச்சு, சும்மா நம்ம மனசுக்காக எழுதியிருக்காருன்னு.

போன வாரம் காலையில காபி கொண்டு போயிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு. என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. தப்பா நினைக்காதீங்க, நீங்க யாரு, எங்க வீட்ல வேலை செய்யறீங்களான்னு கேட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. என் பேரைச் சொன்னேன். மெதுவா, அவரு எனக்குச் சொல்வாரே, அதே மாதிரி. திருப்பிச் சொன்னாரு, அழகாச் சொன்னாரு. நல்ல பேருன்னாரு. காபியைக் குடிச்சு முடிச்சதும் திரும்ப, நீங்க யாருன்னாரு. அவரு எடுத்துக் குடுத்தா நான் பிடிச்சுக்குவேன். நான் எடுத்துக் குடுத்தா அவருக்கு நிக்க மாட்டேங்குது. நாள் பூரா சொல்லிட்டே இருக்கேன். ராத்திரி தூக்கத்துல கூட என் பேரையே சொல்லிட்டு இருக்கேன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

அழல. தூசி.

அந்த முன் சுவரை என்னிக்கு இடிக்கறீங்க? இந்தா, கேட்டுக்குப் பக்கத்துல நிக்குதே, ஆபீஸ் ரூம் சுவர். நாளைக்கா? அது போதும். அவருக்கு எந்தச் சுவர்னு தெரியவா போகுது. இன்னிக்கு ஒரு நாள் நின்னாப் போதும். கை இன்னும் நல்லா எழுதும், நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிருவேன். என் பேரை எழுதி, கீழ அவரு பேரு. ரெண்டே வரி. இன்ஜினியர் கூப்பிட்டா, யாரோ கிழவி கிறுக்கிட்டுப் போயிட்டாள்னு சொல்லிடுங்க.

ஒரு உதவி மட்டும் பண்ணுங்க தம்பி. நீங்களே போயி அவரைக் கூட்டிட்டு வாங்க. சார்னு கூப்பிடுங்க, ஒத்திகை ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லுங்க, உடனே இறங்கிருவாரு. காலையில டிரைவரும் அப்படிச் சொல்லித்தான் ஏத்தினாரு, நான் முன்சீட்ல வாயே திறக்காம உக்காந்து வந்தேன். நான் கூப்பிட்டா வர மாட்டாரு. முன்னப்பின்ன தெரியாத பொம்பளை கூப்பிட்டாப் போற ஆள் இல்ல அவரு.